பட்டணமும் மஞ்சப்பையும்: வெளியூரார் பார்வையில் சென்னை

சென்னை நாகரிகத்தில் மும்பைக்கும் பெங்களூருக்கும் ஈடா, ஒரு படி கீழா என்ற கேள்வி முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக ஏதாவது ஒரு வடிவில் கேட்கப்பட்டு வருகிறது. விடை சொன்னவர்களில் பெரும்பாலோர் வெளியூரார். கப்பலில் வந்து இறங்கிய கும்பினி உத்தியோகஸ்தர் ஒரு விடை சொன்னார். வடக்கிலிருந்து மாற்றலாகி வந்த வங்கி அலுவலர் இன்னொன்று சொன்னார். கம்ப்யூட்டர் வேலைக்கு வந்த இளைஞர் மற்றொன்று சொல்கிறார். பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியைக் கூட்டிக்கொண்டு வரும் கிராமத்துக் குடும்பத்துக்கும் ஒரு விடை உண்டு. அதை யாரும் எழுதி வைத்ததில்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் கல்வராயன் மலையடிவாரத்திலுள்ள கச்சிராயபாளையம் அப்படிப்பட்ட குடும்பங்களின் ஊர். மேலே சொன்ன விடைகளை வரிசையாகப் பார்த்துக் கடைசியில் அங்கே வந்து சேர்வது இந்த ஆய்வின் போக்கு.

‘நாகரிகம்’ என்ற சொல்லிலேயே நகர் இருக்கிறது. வடமொழியில் நாகரிகன் என்றால் நகரத்தான். தமிழிலும் ‘நாகரிகமா உடுத்திக்கிட்டு வா’ என்னும்போது அந்தப் பொருள்தான். ஆனால் ‘கொஞ்சம் நாகரிகமாப் பேசு’ என்னும்போது சொல் வேறு பக்கம் திரும்பிவிடுகிறது. இந்த இரண்டாம் பொருளும் பழையதுதான். திருக்குறளில் கண்ணோட்டம் அதிகாரத்தின் கடைசிக் குறள், பழகியவர் நஞ்சை ஊற்றுவதைக் கண்ணால் கண்ட பிறகும் அதை உண்டு, உறவு கெடாமல் நடந்துகொள்பவரின் பண்பை நாகரிகம் என்கிறது. நற்றிணையிலும் இதே எண்ணம் வருகிறது. இரண்டிலும் மாடமாளிகை இல்லை, கடைத்தெரு இல்லை. எதிரில் நிற்கும் ஆளின் முகம் கோணாமல் நடந்துகொள்வது மட்டும் இருக்கிறது. சென்னையைப் பற்றிய வெளியூர்த் தீர்ப்புகள் ஒன்றோடொன்று ஒத்துவராததற்குப் பாதிக் காரணம் இந்தச் சொல்தான். ஒருவர் முதல் பொருளில் மதிப்பெண் போடுகிறார், இன்னொருவர் இரண்டாம் பொருளில் போடுகிறார்.

ஊரோடு ஊரை ஒப்பிட்டுக் கிண்டல் செய்வது தமிழருக்குப் புதிதல்ல. பரிபாடலின் உதிரிப் பாடல் ஒன்று மதுரையை வஞ்சியோடும் உறையூரோடும் வைத்துப் பார்க்கிறது. அந்த இரண்டு ஊரும் சேவல் கூவக் கேட்டு எழுகின்றனவாம். மதுரையோ வேதம் ஓதும் ஒலி கேட்டு எழுகிறதாம். உறையூருக்குக் கோழி என்றே ஒரு பெயர் உண்டு என்பதால் கிண்டல் இரட்டிப்பாகிறது. சேர சோழத் தலைநகரங்களைக் கோழி கூவும் பட்டிக்காடாக்கிவிட்டார் மதுரைப் புலவர். புகார், மதுரை, வஞ்சி என்று மூன்று காண்டங்களாகப் பிரிந்த சிலப்பதிகாரத்தில், புகாரிலிருந்து வரும் வெளியூர்த் தம்பதியை மதுரை எப்படி நடத்தியது என்பதே கதையின் முடிச்சு. தெருவும் அங்காடியும் மதிலும் எவ்வளவு சிறப்பாக இருந்தும், அந்த நகரம் தேறாமல் போனது வந்தவனுக்கு நியாயம் வழங்குவதில்தான்.

ஆங்கிலேயர் காலத்தில் போட்டி மதராஸ், பம்பாய், கல்கத்தா ஆகிய மூன்றுக்கும் இடையே நடந்தது. மூன்றில் ஆங்கிலேயருக்கு முதலில் வாய்த்தது மதராஸ். 1639-இல் கும்பினி இங்கே இடம் பெற்றது. 1688-இல் மாநகராட்சி அமைந்தது. இந்தியாவில் அதுவே முதலாவது. கல்கத்தா 1690-இல்தான் தொடங்குகிறது. ஆனால் ஒரு நூற்றாண்டுக்குள் கல்கத்தா தலைநகராகி, அபினியும் சணலும் தேயிலையும் குவித்த பணத்தில் மேலே போய்விட்டது. பருத்தியாலும், 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததாலும் பம்பாய் செழித்தது. மூத்த ஊரான மதராஸ் மூன்றாம் இடத்துக்கு இறங்கியது.

இந்த இறக்கத்துக்கு அச்சில் சான்று இருக்கிறது. யூலும் பர்னலும் தொகுத்து 1886-இல் வெளியான ‘ஹாப்சன்-ஜாப்சன்’ என்ற ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி, மற்ற மாகாணத்து வெள்ளைக்காரர்கள் மதராஸுக்கு வைத்திருந்த பட்டப்பெயரைத் தனிச்சொல்லாகவே பதிவு செய்கிறது: ‘இருளில் கிடப்பது’. மதராஸ் உத்தியோகஸ்தருக்கு ‘மல்’ என்று பெயர். மிளகுத்தண்ணி என்பதன் ஆங்கில உருவான மல்லிகாட்டனியின் சுருக்கம் அது. பம்பாய்க்காரர் ‘வாத்து’. வங்காளத்தார், ‘யார் அங்கே’ என்று வேலைக்காரனைக் கூப்பிடும் இந்துஸ்தானிச் சொற்களாலேயே அழைக்கப்பட்டனர். மதராஸ்காரனுக்கு ரசம் மிஞ்சியது, கல்கத்தாக்காரனுக்கு ஏவலாள் கூட்டம் மிஞ்சியது என்று இதைப் படிக்கலாம். தொகுத்தவர்களில் பர்னல் மதராஸ் மாகாணத்தில் வேலை பார்த்த சிவில் உத்தியோகஸ்தர். வடமொழி, தென்னாட்டு மொழிகளில் பெரிய அறிஞர். இருளில் கிடந்த மாகாணத்தில் உட்கார்ந்துதான் அந்த அகராதிக்குத் தம் பங்கு உழைப்பைக் கொடுத்தார்.

பட்டப்பெயருக்கு ஒரு காரணம் இறங்குதுறை. மதராஸுக்கு இயற்கைத் துறைமுகம் கிடையாது. கப்பல் நடுக்கடலில் நங்கூரம் போடும். பயணிகளும் மூட்டைகளும் மசூலாப் படகுக்கு மாறவேண்டும். ஆணி அடிக்காமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்த படகு அது. அலை மோதினால் உடையாமல் வளைந்து கொடுக்கும். கரை நெருங்கியதும் படகோட்டி தோளில் தூக்கி மணலில் இறக்கிவிடுவான். சட்டை நனைந்து, தொப்பி பறந்து, முன்பின் அறியாத ஒருவன் தோளில் உட்கார்ந்து ஊருக்குள் நுழைந்த துரைக்கு அந்த ஊர் நாகரிகமாகத் தோன்றவில்லை என்றால் வியப்பதற்கில்லை. அலைதாங்கி எழுப்பித் துறைமுகம் கட்டும் வேலை 1870-களில் தொடங்கியது. 1881-இல் அடித்த புயல் அதையும் உடைத்தது. ஆற்றுக்குள் கப்பல் போகும் கல்கத்தாவில் இறங்கியவர் இதையெல்லாம் படவில்லை. நுழையும் வாசல் எதுவோ அதைக் கொண்டே ஊரை எடைபோடும் பழக்கம் இன்றும் மாறவில்லை என்பது பின்னால் தெரியும்.

உண்மை நிலவரம் பட்டப்பெயரோடு ஒத்துப்போகவில்லை. 1857-இல் மூன்று நகரங்களுக்கும் ஒரே ஆண்டில் பல்கலைக்கழகம் வந்தது. மருத்துவக் கல்லூரி 1835-லேயே இருந்தது. 1895-இல் மின்சார டிராம் முதலில் ஓடியது மதராஸ் தெருக்களில்தான். கல்கத்தாவில் அப்போது குதிரைகள் டிராம் இழுத்துக்கொண்டிருந்தன. கன்னிமாரா நூலகம் 1896-இல் திறந்தது. பெங்களூர் அந்நாளில் போட்டியிலேயே இல்லை. 1809-இல் அங்கே அமைந்த தண்டு (கண்டோன்மென்ட்), மதராஸ் வெயில் தாங்காத துரைமாருக்குக் குளிர்ந்த இடம், அவ்வளவுதான். அங்கே பட்டாளத்தோடு போய்க் குடியேறிய தமிழர்களால் பெங்களூரின் ஒரு பாதி வெகுகாலம் தமிழ் பேசியது. 1905-இல் சிவசமுத்திரத்து மின்சாரத்தில் பெங்களூர்த் தெருவிளக்குகள் எரிந்தபோதுதான் அந்த ஊருக்கும் தனிப் பெருமை ஒன்று வந்தது.

சுதந்திரத்துக்குப் பிறகு பட்டப்பெயர் ‘பெரிய கிராமம்’ என்று மாறியது. மும்பையிலிருந்தும் டெல்லியிலிருந்தும் வந்தவர்கள் இதைச் சொன்னார்கள். பின்னாளில் பெங்களூரிலிருந்து வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். தெற்கத்தியர் எல்லோரும் ‘மதராசி’ என்ற ஒரே பெட்டியில் அடைபட்ட காலம் அது. 1968-இல் வந்த ‘படோசன்’ இந்திப் படத்தில் மெஹ்மூத் நடித்த தென்னிந்தியப் பாட்டு வாத்தியார் வேடம் அந்தப் பெட்டியின் மேல் ஒட்டிய படம். குடுமி, நெற்றிப் பட்டை, ஒருவிதமான இந்தி. ஒரு நகரத்தின் சங்கீதமே அதன் நாகரிகக் குறைவுக்குச் சான்றாகக் காட்டப்பட்டது வேடிக்கைதான். அதே சங்கீதத்துக்காக 2017-இல் யுனெஸ்கோ சென்னையைப் படைப்பு நகரங்கள் வலையமைப்பில் சேர்த்தது.

‘பெரிய கிராமம்’ என்றவர்களின் அளவுகோல் பெரும்பாலும் இரவு. பத்து மணிக்குமேல் எங்கே போகலாம், எங்கே குடிக்கலாம், எங்கே ஆடலாம் என்பது கேள்வி. பெங்களூர் 1980-களின் இறுதியிலேயே ‘பப்’ நகரம் என்று பெயரெடுத்தது. தமிழ்நாட்டின் மதுவிலக்கு வரலாறு வேறு: 1937-இல் ராஜாஜி அதை முதலில் கொண்டுவந்தது சேலம் மாவட்டத்தில், கல்வராயன் மலையின் மேற்குப் பக்கம் இன்றும் அந்த மாவட்டத்தில்தான் இருக்கிறது. மாகாணம் முழுவதும் விலக்கு, 1971-இல் தளர்வு, 2003 முதல் அரசே சில்லறைக் கடை நடத்துவது என்று போன பாதையில் சாவகாசமாக உட்கார்ந்து குடிக்கும் இடம் நட்சத்திர ஓட்டல்களுக்கும் கிளப்புகளுக்கும் ஒதுங்கிவிட்டது. மற்றவருக்குக் கம்பித் தடுப்புக்குப் பின்னால் கைநீட்டி வாங்கும் கடை. வெளியூரார் இதைப் பார்த்து முகம் சுளித்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் இரவை மட்டும் அளப்பவருக்கு விடியற்காலை தெரியாமல் போகிறது. ஐந்து மணிக்கு மெரினாவில் நடப்பவர் கூட்டம், ஆறு மணிக்கு மயிலாப்பூரில் டபரா காபி, மார்கழியில் காலையிலேயே நிரம்பும் சபா அரங்குகள். சென்னை தன் நல்ல உடையை உடுத்துவது காலையில்.

ஆட்டோ பற்றிய புகாரை ஒரே வரியில் முடித்துவிட முடியாது. வெளியூராரில் பாதிப் பேருக்குச் சென்னையைப் பற்றிய முதல் கோபம் அங்கேதான் பிறந்தது. மீட்டர் என்ற பொருள் வண்டியில் இருக்கும், வேலை செய்யாது. 2013 ஆகஸ்டில் அரசு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 12 ரூபாய் என்று கட்டணம் நிர்ணயித்தது. கொஞ்ச நாள் மீட்டர் ஓடியது. உண்மையில் பேரம் குறைந்தது கைபேசிச் செயலிகள் வந்த பிறகுதான்.

பேச்சும் ஒரு குற்றச்சாட்டு. மெட்ராஸ் பாஷை என்றால் தரக்குறைவு என்ற எண்ணம் தமிழ்நாட்டுக்குள்ளேயே உண்டு. கொங்கு நாட்டார் ‘ங்க’ போடாத வாக்கியத்தைத் தாங்கமாட்டார். அவரிடம் ‘இன்னாப்பா வோணும்’ என்றால் முகம் சிவக்கும். ‘நைனா’ தெலுங்கிலிருந்தும், ‘நாஷ்டா’, ‘பேஜார்’ உருதுவிலிருந்தும் வந்தவை. பல மொழிக்காரர் மூட்டை தூக்கிப் பிழைத்த துறைமுக நகரத்தின் தடம் அது. சந்திரபாபு முதலான நடிகர்கள் அதைச் சிரிப்புக்குப் பயன்படுத்தியதால் அது கேலிப் பேச்சாகவே நின்றுவிட்டது. கள்ளக்குறிச்சிப் பக்கத்தாருக்கு இதில் பெரிய அதிர்ச்சி கிடையாது. ‘வந்துக்கினு இருக்கான்’ என்பது வடதமிழ்நாட்டுக்கே பொதுவான பேச்சு. மதுரைக்காரர் காதில் விழுந்தால் மதராஸ்காரனையும் தென்னார்க்காட்டானையும் ஒன்றாகவே எண்ணுவார்.

கச்சிராயபாளையம் கள்ளக்குறிச்சியிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர் தள்ளி மலையடியில் இருக்கிறது. கோமுகி அணை அருகில். கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இங்கே. வெள்ளிமலைக்கு ஏறும் சாலையும் இந்தப் பக்கம்தான். கடுக்காய், தேன், புளி, சாமை, தினை கொண்டு இறங்கும் மலைவாசிகளுக்கு இதுவே டவுன். கச்சிராயபாளையத்தாருக்கு டவுன் கள்ளக்குறிச்சி. கள்ளக்குறிச்சிக்காரர் நகைக்கும் துணிக்கும் சேலம் என்பார். இந்த ஏணியில் ஒவ்வொரு படியும் தன் கீழ்ப்படியைப் பட்டிக்காடு என்கிறது. மேலே போய்க்கொண்டே இருந்தால், சென்னையைப் பெரிய கிராமம் என்ற மும்பைக்காரரை லண்டன்காரர் என்ன சொன்னார் என்பதில் முடியும். ‘கெட்டும் பட்டணம் சேர்’ என்ற பழமொழியில் எந்தப் பட்டணம் என்று சொல்லப்படவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

வடமாவட்டக் கிழவர்கள் வாயில் ‘பட்டணம்’ என்றால் சென்னைதான். அதன் வாசல் அவர்கள் காலத்திலேயே இரண்டு முறை மாறிவிட்டது. முன்பு பேருந்து பாரிமுனை வரை போகும். இறங்கினால் உயர் நீதிமன்றத்தின் செங்கல் கோபுரங்கள், துறைமுகம், நடக்கும் தூரத்தில் கடல். 2002-இல் நிலையம் கோயம்பேட்டுக்குப் போனது. கண்ணில் முதலில் பட்டது காய்கறி லாரி. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கத்தில் புதிய முனையம் திறந்தது. நகர நடுவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். கள்ளக்குறிச்சியில் இரவு ஏறியவர் விடிவதற்குள் பளபளக்கும் தளத்தில் இறங்குகிறார். விமான நிலையம் போன்ற கூரை, மின்படி, குடிநீர்க் குழாய். அதன் பிறகு பெரியாஸ்பத்திரிக்குப் போக நகரப் பேருந்துக்கு நின்று, இன்னும் ஒன்றரை மணி நேரம் உட்காரவேண்டும். கட்டடம் நாகரிகத்தின் முதல் பொருளில் முழு மதிப்பெண் வாங்குகிறது. கையில் ஸ்கேன் உறையும் மடியில் குழந்தையுமாக வந்தவர் இரண்டாம் பொருளில் எவ்வளவு போடுவார் என்பது வேறு கணக்கு. மசூலாப் படகில் நனைந்த துரைக்கும் இவருக்கும் இடையே 200 ஆண்டு. வாசலில் படும் அலைச்சல் ஒன்றுதான்.

கச்சிராயபாளையம் பக்கத்தாருக்குப் பெங்களூர் தொழில்நுட்ப நகரம் அல்ல. மேஸ்திரி கூட்டிப்போகும் இடம். 1985-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் வந்தது முதல் உயர்ந்துகொண்டே போகும் கண்ணாடிக் கட்டடங்களில் கொத்தனாரும் சித்தாளும் வடதமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து போனவர்கள் நிறைய. அவர்கள் பெங்களூரைப் பார்ப்பது சாரத்தின் மேலிருந்தும், தகரக் கொட்டகைக்குள்ளிருந்தும். குளிர், தாராளமான கூலி, தமிழ் எடுபடும் கடைத்தெரு என்று மெச்சுவார்கள். காவிரிப் பிரச்சினை கிளம்பினால் வாய் அடங்கும்; 1991-லும் 2016-லும் நடந்த கலவரங்கள் அந்த நகரத்தின் தமிழ்க் குடும்பங்களுக்கு மறக்கவில்லை. சாப்பாட்டு விஷயத்தில் சென்னை முந்தியது. 2013-இல் தொடங்கிய அம்மா உணவகத்தில் இட்லி ஒரு ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். நான்கு ஆண்டு கழித்து பெங்களூர் அதைப் பார்த்து இந்திரா கேன்டீன் திறந்தது. நகரங்களின் தரவரிசையில் இதற்கு ஒரு கட்டம் ஒதுக்கியவர் இல்லை.

தரவரிசைகள் யாருக்காகப் போடப்படுகின்றன என்று பார்க்கவேண்டும். மெர்சர் நிறுவனத்தின் 2019 வாழ்க்கைத்தரப் பட்டியலில் ஹைதராபாத்தும் புணேயும் 143-ஆம் இடம், பெங்களூர் 149, சென்னை 151, மும்பை 154, டெல்லி 162. அயல்நாட்டுக்கு ஊழியரை அனுப்பும் கம்பெனிகள் என்ன படி கொடுக்கலாம் என்று கணக்கிடுவதற்கான பட்டியல் அது. ஒன்றிய அரசின் வாழ்வெளிமைக் குறியீடு 2020-இல் பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்களில் பெங்களூருக்கு முதலிடம், சென்னைக்கு நான்காமிடம், கோயம்புத்தூருக்கு ஏழாமிடம் தந்தது. மெட்ரோ ரயில் கல்கத்தாவில் 1984, பெங்களூரில் 2011, சென்னையில் 2015 என்று வந்ததை வைத்து வரிசை போட்டால் இன்னொரு பட்டியல் கிடைக்கும். கரும்பு வெட்டுக்குப் போகும் தொழிலாளியிடம் எந்தப் பட்டியல்காரரும் படிவம் நீட்டியதில்லை.

சென்னையின் மேல் இருந்த வெளியூர்ப் பார்வையை அண்மையில் அதிகம் அசைத்தவை பேரிடர்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மாநகரம் மூழ்கியபோது, மீனவர் படகுகளோடு தெருவுக்குள் வந்ததையும், பள்ளிவாசலும் கோயிலும் கல்யாண மண்டபமும் கதவு திறந்ததையும் நாடே பார்த்தது. ‘பெரிய கிராமம்’ என்பது அந்த வாரத்தில் பாராட்டாகக் கேட்டது. 2019 கோடையில் ஏரிகள் வற்றி, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது உலகச் செய்திகளில் சென்னையின் பெயர் எச்சரிக்கைப் பலகையானது.

நகரமும் தன் பங்குக்கு வெளியூராரை எடைபோடுகிறது. கள்ளக்குறிச்சி 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்திலும், பிறகு விழுப்புரத்திலும் இருந்து, 2019 நவம்பரில் தனி மாவட்டமானது. சென்னைக்காரருக்கு அந்தப் பெயர் மனதில் பதிந்தது 2024 ஜூனில், கருணாபுரத்தில் விஷச்சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தபோது. கல்வராயன் மலை என்றாலே சாராய ஊறல் என்ற படம் ஏற்கெனவே இருந்தது, அது கெட்டிப்பட்டது. பாதிக்கப்பட்டவர்கள் மேல்சிகிச்சைக்குக் கொண்டு செல்லப்பட்ட மருத்துவமனைகள் சேலத்திலும் முண்டியம்பாக்கத்திலும் புதுச்சேரி ஜிப்மரிலும் இருந்தன. உயிர் போகும் அவசரத்தில் இந்தப் பகுதிக்குப் பட்டணம் எது என்பதை அந்த ஆம்புலன்ஸ்கள் போன திசை சொல்லிவிட்டது.

மலையின் கதையோ தலைகீழ். கல்வராயன் மலை மூன்று ஜாகிர்தார்களின் கையிலிருந்து 1976-இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. சமவெளியார் கண்ணுக்கு அங்குள்ள மலையாளிப் பழங்குடியினர் நகரமே அறியாதவர்கள். அவர்களின் மரபுக் கதையோ தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து மலையேறியவர்கள் என்கிறது. தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூலிலேயே இது பதிவாகியிருக்கிறது. மதராஸில் கோட்டை எழும்புவதற்கு ஆயிரம் ஆண்டுக்கு முன்பே பல்லவர் தலைநகராக இருந்த ஊர் காஞ்சி. கதையை அப்படியே எடுத்துக்கொண்டால் மலைவாசிதான் பழைய பட்டணத்தான்.

பட்டணத்துக்கு வரும் நாட்டுப்புறத்தானை அடையாளம் காட்ட நெடுங்காலம் ஒரே பொருள் போதுமாக இருந்தது: மஞ்சப்பை. ஜவுளிக்கடையில் கொடுத்தது, கல்யாணத்தில் தாம்பூலம் போட்டுத் தந்தது; கடைப் பெயரோ மணமக்கள் பெயரோ அச்சிட்டிருக்கும்; கழுத்து நைந்து கைப்பிடி நூல் பிரிந்தாலும் தூக்கி எறியமாட்டார்கள். சட்டை வேட்டி, நிலப்பத்திரம், ஆஸ்பத்திரிச் சீட்டு, வழிக்குக் கட்டிய புளிச்சாதம் எல்லாம் அதற்குள். அதைக் கக்கத்தில் இடுக்கியவரைப் பார்த்ததும் ஆட்டோக்காரர் விலையை ஏற்றுவார், விடுதிக்காரர் முன்பணம் கேட்பார். 2014-இல் ஒரு கிராமத்துத் தாத்தா சென்னைக்கு வரும் திரைப்படக் கதைக்கு ‘மஞ்சப்பை’ என்று பெயர் வைத்தபோது விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. 2019 ஜனவரி முதல் நாள் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் தடைசெய்யப்பட்டது. 2021 டிசம்பரில் அரசு ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைச் சென்னையில் தொடங்கியது. அடுத்த ஆண்டு கோயம்பேடு சந்தையில் ஓர் எந்திரம் வைத்தார்கள். பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை ஒன்று வெளியே வரும்.